பூகம்பமும் குடியிருப்பும்: யாருக்கு எத்தனை சதுர அடி?

(மில் தொழிலாளர்களும் விவசாயத் தொழிலாளர்களும் சேர்ந்து நடத்திய கூட்டத்தில் ஒரு தோழர் ஆற்றிய உரை)



பூகம்பத்தைப் பற்றிப் பேசப் போகிறேன் என்றதும், முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் பெரியவர் ஒருவர், "பூமி குலுங்குவதற்கும் நம் சங்கத்துக்கும் என்ன சம்பந்தம்?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. அதற்குப் பதில் சொல்லத்தான் வந்திருக்கிறேன். அதற்கு முன் ஒரு செய்தி. நம் கோயம்புத்தூர்ப் பக்கத்திலேயே 1900-ம் ஆண்டு பிப்ரவரி 8-ம் தேதி நல்ல பூகம்பம் ஒன்று வந்திருக்கிறது. ஆகவே இது யாரோ எங்கோ படும் கஷ்டம் என்று எண்ணிக் கேட்கவேண்டாம்.

பூகம்பத்துக்கு ஏழை, பணக்காரன் என்ற பேதம் கிடையாது, எல்லோரையும் ஒரே அடியாக அடிக்கிறது என்று சொல்வார்கள். இதில் பாதி உண்மை. பூமிக்குப் பேதம் தெரியாது. ஆனால் பூமியின்மேல் நிற்கும் சுவரைப் பாருங்கள். அதில் பேதம் இருக்கிறது. சுவர் விழுந்த பிறகு நோட்டும் பேனாவுமாக அதிகாரி வருகிறாரே, அவர் எழுதும் ரிஜிஸ்தரைப் பாருங்கள். அதில் இன்னும் அதிகமாக இருக்கிறது. இரண்டு ஊர்களின் கதையைச் சொல்கிறேன். ஒன்று விவசாயத் தொழிலாளிக்கு, மற்றது மில் தொழிலாளிக்கு. மாற்றிக் கேட்டாலும் நஷ்டமில்லை.

முதல் கதை நம் தேசத்திலேயே நடந்தது. மராட்டிய மாநிலத்தில் மராத்வாடா என்று ஒரு வறண்ட பிரதேசம். அங்கே அப்போது லாத்தூர், உஸ்மானாபாத் என்று இரண்டு ஜில்லாக்கள் இருந்தன. 1993 செப்டம்பர் மாதக் கடைசி. கணபதி திருவிழா முடியும் நாள். பிள்ளையாரைத் தண்ணீரில் கரைத்துவிட்டு வந்த ஜனங்கள் நேரங்கழித்துப் படுத்தார்கள். 30-ம் தேதி விடியற்காலம், நாலு மணி அடிக்கச் சில நிமிஷங்கள் இருக்கும்போது கில்லாரி என்ற ஊருக்குப் பக்கத்தில் பூமி குலுங்கியது. உலகில் நடந்த பூகம்பங்களோடு ஒப்பிட்டால் இது பெரிய பூகம்பமே அல்ல. அளவு ஆறேகாலைச் சுற்றித்தான். ஆனாலும் செத்தவர்கள் சர்க்கார் கணக்குப்படியே சுமார் 8,000 பேர். பதினாயிரத்தை நெருங்கும் என்று சொல்பவர்களும் உண்டு.

இத்தனை பேர் ஏன் செத்தார்கள்? கொத்து வேலை தெரிந்த தோழர்கள் கவனித்துக் கேளுங்கள். அந்தப் பக்கத்து வீடு கல் வீடு. சுவர் இரண்டடி, மூன்றடி, சில இடங்களில் அதற்கும் மேல் கனம். ஆனால் அது ஒரே சுவர் அல்ல. வெளிப்பக்கம் ஒரு கல்வரிசை, உள்பக்கம் ஒரு கல்வரிசை, நடுவில் சில்லுக் கல்லும் மண்ணும். சாந்து என்று பெயருக்குச் சேறு. மேலே மரச்சட்டம் போட்டு, அதன்மேல் ஓர் அடி, இரண்டடி என்று மண்ணைக் கொட்டியிருப்பார்கள். வெய்யில் பொறுக்காத ஊர், மண்கூரை குளிர்ச்சி. மழைக்கு ஒழுகினால் வருஷா வருஷம் இன்னும் கொஞ்சம் மண் போடுவார்கள். ஆகவே வீடு பழசாகப் பழசாகக் கூரை கனத்துக்கொண்டே போகும். பூமி ஒரு உலுக்கு உலுக்கியதும் வெளிக்கல் வரிசை வெளியே சரிந்தது, உள்கல் வரிசை உள்ளே சரிந்தது, தூங்கியவர்கள்மேல் கூரை மண் இறங்கியது. கல் விழுந்து செத்தவர்கள் ஒரு பங்கு என்றால், மண்ணில் மூச்சு முட்டிச் செத்தவர்கள் இன்னொரு பங்கு.

இதைத் தடுக்கப் பெரிய வித்தை ஒன்றும் வேண்டாம். சுவரின் இருபுறத்தையும் எட்டிப் பிடிக்கும்படி இடையிடையே நீளக் கல் வைக்கவேண்டும். கதவு, ஜன்னல் தலைமட்டத்தில் வீட்டைச் சுற்றி ஒரு கான்கிரீட் பெல்ட் ஓட்டவேண்டும். கூரை மண்ணைக் குறைக்கவேண்டும். பொறியாளர்களுக்கு இது பூகம்பத்துக்கு முன்பே தெரியும். கிராமத்துக்குச் சொல்ல யாரும் போகவில்லை.

சரி, அந்தக் கல் வீடு யாருடையது? நிலம் வைத்திருந்தவர்களுடையது. பெரிய நிலக்காரருக்குப் பெரிய கல் வீடு. கூலிக்காரன் எங்கே இருந்தான்? ஊருக்கு வெளியே, கம்பு நட்டு, ஓலையோ தட்டையோ வேய்ந்த குடிசையில். தாழ்த்தப்பட்ட ஜனங்களும் அங்கேதான். குடிசை ஆடிற்று, சாய்ந்தது. ஆனால் உயிரை வாங்கும் கனம் அதற்கு ஏது? பல கிராமங்களில் கல் வீட்டில் இருந்தவர்கள்தான் அதிகம் செத்தார்கள், குடிசையில் இருந்தவர்கள் பிழைத்தார்கள்.

கை தட்டாதீர்கள் தோழர்களே. இது கை தட்டும் விஷயம் அல்ல. கல் வீட்டில் இருந்தவனெல்லாம் ஜமீன்தார் அல்ல. நாலு ஏக்கர் மானாவாரிச் சோளத்தை நம்பிப் பிழைத்தவனும் கல் வீட்டில்தான் இருந்தான். அவன் பெண்டாட்டி பிள்ளைகளும் அதே மண்ணுக்குள் போனார்கள். இடிபாட்டைத் தோண்டி அவர்களை எடுக்க ஓடியவர்களில் குடிசை ஜனங்களும் இருந்தார்கள். இதை நான் சொல்வதற்குக் காரணம் வேறு. பூகம்பம் என்றாலே ஏழைதான் சாவான் என்று எங்கும் ஒரே பாட்டாகப் பாடமுடியாது. மத்திய அமெரிக்காவில் குவாட்டமாலா என்ற தேசத்தில் 1976 பிப்ரவரி 4-ம் தேதி அதிகாலையில் வந்த பூகம்பத்தில் சுமார் 23,000 பேர் செத்தார்கள். அங்கே சுடாத மண்கல் வீட்டில் இருந்த குடியானவர்களும், தலைநகரில் பள்ளத்தாக்குச் சரிவில் குடிசை போட்டிருந்தவர்களும்தான் அழிந்தார்கள். பணக்காரர் பேட்டைகளுக்குப் பெரிய சேதம் இல்லை. அதை வர்க்க பூகம்பம் என்றே பத்திரிகைக்காரர்கள் எழுதினார்கள். லாத்தூர் அப்படி அல்ல. லாத்தூரில் பூமி கூலிக்காரனை விட்டுவிட்டது.

ஆனால் ரிஜிஸ்தர் விடவில்லை. அங்கேதான் கதையின் இரண்டாம் பாகம் ஆரம்பிக்கிறது.

உலக வங்கி கடன் கொடுத்தது. மாநில சர்க்கார் புனர்நிர்மாணத் திட்டம் போட்டது. அடியோடு அழிந்த 52 கிராமங்களை வேறு இடத்தில் புதிதாகக் கட்டுவது என்று முடிவாயிற்று. யாருக்கு எவ்வளவு பெரிய வீடு? நீங்கள் அதிகாரியாக இருந்தால் என்ன கேட்பீர்கள்? வீட்டில் எத்தனை பேர், எத்தனை குழந்தைகள், வயோதிகர் உண்டா என்று கேட்பீர்கள். அவர்கள் கேட்டது, எத்தனை ஹெக்டேர் நிலம் என்று.

நிலமே இல்லாதவருக்கும், ஒரு ஹெக்டேர் வரை, அதாவது ஏறக்குறைய இரண்டரை ஏக்கர் வரை வைத்திருந்தவருக்கும் 250 சதுர அடி வீடு. ஒன்றிலிருந்து ஏழு ஹெக்டேர் வரை உள்ளவருக்கு 400 சதுர அடி. ஏழு ஹெக்டேருக்கு மேல், அதாவது பதினேழு ஏக்கருக்கு மேல் உள்ளவருக்கு 750 சதுர அடி. மூன்று தரம் வகுத்தார்கள். 250 சதுர அடி என்றால் பத்தடிக்கு இருபத்தைந்தடி. அதற்குள் அடுப்பு, படுக்கை, மருமகள், பேறுகாலம், பரீட்சைக்குப் படிக்கும் பையன் எல்லாம் அடங்கவேண்டும். மூன்று மடங்கு நிலத்துக்கு மூன்று மடங்கு வீடு என்றாலாவது ஒரு கணக்கு. ஒன்றுமே இல்லாதவனும் இரண்டு ஏக்கர்காரனும் ஒரு பந்தியில், இருபது ஏக்கர்காரனும் இருநூறு ஏக்கர்காரனும் இன்னொரு பந்தியில். இதையெல்லாம் உட்கார்ந்து யோசித்து, அச்சடித்து, முத்திரை குத்தி நடத்தினார்கள்.

அதிகாரிகள் தரப்பில் ஒரு நியாயம் சொல்லலாம். நிலம் உள்ளவனுக்குத் தானியம் கொட்ட இடம் வேண்டும், மாடு கட்ட இடம் வேண்டும், முன்பு அவனுக்குப் பெரிய வீடுதானே இருந்தது, போனதைத்தானே கொடுக்கவேண்டும் என்று. மாட்டுக்கும் தானியத்துக்கும் இடம் வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. கொட்டகை கட்டிக் கொடுக்கட்டும். ஆனால் இது அவரவர் கைக்காசில் அவரவர் கட்டிய வீடு அல்ல. பொதுஜனங்கள் பேரில் வாங்கிய கடன், நாலு திசையிலிருந்தும் வந்த நிவாரணம். உண்டியல் குலுக்கிப் பணம் கொடுத்த தொழிலாளிகள் உண்டு. அவர்கள் யாரும், இருபது ஏக்கர்காரனுக்கு மூன்று பங்கு கொடு என்று சொல்லிப் போடவில்லை.

இன்னொரு பேச்சையும் மறைக்காமல் சொல்லவேண்டும். கூலிக்காரர் ஒருவர் எழுந்து, "அண்ணா, எனக்கு முன்னே இருந்தது ஓலைக் குடிசை. இப்போது மெத்தைக் கட்டிடம், என் பேருக்குச் சொந்தம். எனக்கு லாபந்தானே?" என்று கேட்கலாம். லாபந்தான். அதை இல்லை என்று சொல்பவன் குடிசையில் மழைக்காலம் கழித்திராதவன். ஆனால் ஒன்று கவனியுங்கள். பழைய ஊரில் பண்ணையார் வீட்டுக்கும் குடிசைக்கும் இருந்த வித்தியாசம் தலைமுறை தலைமுறையாக வந்தது, அவன் அப்பன் கட்டியது. புதிய ஊர் வெறும் கட்டாந்தரையில் ஒரே நாளில் வரைந்த ஊர். காகிதம் வெள்ளையாக இருந்தது. அந்த வெள்ளைக் காகிதத்தில் சர்க்காரே பழைய ஊரின் மேடு பள்ளத்தைத் திரும்ப வரைந்தது. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

புதிய ஊர்களைப் பட்டணம்போல அகலத் தெருவாக, பரந்து விரித்துக் கட்டினார்கள். பார்க்க நன்றாக இருந்தது. ஆனால் ஊர் இடம் மாறியதால் பலருக்கு வயல் தூரமாயிற்று. வண்டி உள்ளவனுக்கு அது ஒரு பொருட்டல்ல. நடந்து போய்க் களையெடுக்கும் பெண்ணுக்கு ஒரு மணி நேரக் கூலி.

இடம் மாற்றாமல், இருக்கிற ஊரிலேயே வீடு பழுது பார்க்கப் பணம் கொடுத்த கிராமங்களும் நிறைய உண்டு. அங்கே பெண்கள் குழுக்களாகச் சேர்ந்து, கம்பி எவ்வளவு, சிமெண்ட் எவ்வளவு என்று தாங்களே கற்றுக்கொண்டு, வீட்டுக்கு வீடு போய்ச் சொல்லி, வேலையை மேற்பார்த்தார்கள். காண்டிராக்டர் கட்டிச் சாவி கொடுத்த வீட்டைவிடத் தன் கண்ணெதிரே கட்டிய வீட்டில் ஜனங்களுக்கு நம்பிக்கை அதிகம் என்பதைச் சொல்லவும் வேண்டுமோ?

லாத்தூரில் அளவுகோலைச் சர்க்கார் வைத்தது, ஜனங்கள் கொடுத்ததை வாங்கிக்கொண்டார்கள். அளவுகோலை ஜனங்களே கையில் பிடித்த ஊர் ஒன்று உண்டு. அதற்கு எட்டு வருஷம் முன்பு, சமுத்திரத்துக்கு அப்பால், மெக்ஸிகோ தேசத்தின் தலைநகரில் நடந்தது. மில் தோழர்கள், தையல் வேலை செய்யும் சகோதரிகள், இது உங்கள் கதை.

மெக்ஸிகோ நகரம் ஒரு பழைய ஏரிமேல் கட்டிய நகரம். ஏரியைத் தூர்த்து, சேற்றின்மேல் கட்டிடம் எழுப்பினார்கள். 1985 செப்டம்பர் 19, வியாழக்கிழமை, காலை ஏழு மணி இருபது நிமிஷம் இருக்கும். முந்நூறு மைலுக்குள் தூரத்தில், பசிபிக் சமுத்திரக் கரையில் பூமி அதிர்ந்தது. அளவு எட்டு. இடைப்பட்ட ஊர்களில் பாறைமேல் நின்ற பல வீடுகள் தப்பின. தலைநகரத்துச் சேறு மாத்திரம் தட்டில் வைத்த கூழ்போல் தளும்பியது. ஆறு மாடி, பத்து மாடிக் கட்டிடங்கள் அந்தத் தளும்பலுக்குச் சரியாக ஆடி மடிந்தன. நானூறுக்கு மேற்பட்ட கட்டிடங்கள் விழுந்தன. செத்தவர்கள் ஐயாயிரம் என்றும், பத்தாயிரம் என்றும், அதற்கு மேல் என்றும் சொல்கிறார்கள். கணக்கு இன்றுவரை ஒத்துவரவில்லை. எண்ணப்படாதவர்கள் யார் என்று நான் சொல்லவேண்டியதில்லை.

அந்த நகரில் சான் அந்தோனியோ அபாத் என்று ஒரு அகலச் சாலை. இருபுறமும் பல மாடிக் கட்டிடங்கள். ஒவ்வொரு மாடியிலும் ரெடிமேட் துணி தைக்கும் பட்டறைகள். வேலை செய்தவர்கள் பெரும்பாலும் பெண்கள். முதல் ஷிப்டு காலையிலேயே ஆரம்பித்துவிட்டது. மாடிமேல் மாடியாகக் கனத்த மிஷின்கள், அவற்றைச் சுற்றித் துணிச் சுருள்கள். அந்தப் பாரத்தைத் தாங்கும் தளம் அல்ல அது. கட்டிடம் அப்பளம்போல் ஒன்றன்மேல் ஒன்றாக அமர்ந்தது. நூற்றுக்கணக்கான பெண்கள் உள்ளே அகப்பட்டார்கள்.

அப்புறம் நடந்ததை அந்தத் தொழிலாளிப் பெண்கள் உலகத்துக்கே சொல்லியிருக்கிறார்கள். வெளியே உறவுக்காரர்கள் கையால் கல்லைப் பொறுக்கிக்கொண்டிருக்கிறார்கள். உள்ளேயிருந்து முனகல் கேட்கிறது. சிப்பாய்கள் கயிறு கட்டிப் பந்தோபஸ்து நிற்கிறார்கள். அப்போது சில முதலாளிகள் ஆள் அம்பு, இயந்திரங்களோடு வந்தார்கள். எதை எடுக்க? இரும்புப் பெட்டியையும், மிஷின்களையும், துணிச் சுருள்களையும் எடுக்க!

அந்தப் பெண்களுக்குச் சங்கம் இல்லாமல் இல்லை. பல பட்டறைகளில் சங்கம் இருந்தது, காகிதத்தில். முதலாளியோடு ஒப்பந்தம் போட்ட சங்கம். தான் அதில் மெம்பர் என்பதே பலருக்குத் தெரியாது. பலருக்கு இன்ஷூரன்ஸ் பதிவும் இல்லை. வேலை செய்ததற்கே ருசு இல்லை என்றால் செத்ததற்கு நஷ்டஈடு யார் கொடுப்பார்? பிழைத்த பெண்கள் ஒரு காரியம் செய்தார்கள். அந்தச் சாலையிலேயே கூடாரம் அடித்து உட்கார்ந்தார்கள். இரவும் பகலும் காவல். ஒரு மிஷின் வெளியே போகவிடவில்லை. ஏனென்றால் இடிபாட்டுக்குள் கிடக்கும் மிஷின்தான் அவர்களுக்கு வரவேண்டிய சம்பளத்துக்கும் நஷ்டஈட்டுக்கும் ஒரே ஜாமீன். கணக்கு எவ்வளவு தெளிவாக இருக்கிறது பாருங்கள்! ஒரு மாதம் ஆவதற்குள் ஊர்வலமாக ஜனாதிபதி மாளிகைக்குப் போனார்கள். அக்டோபர் 20-ம் தேதி அவர்கள் சங்கம் சட்டப்படி பதிவாயிற்று. சங்கத்தின் பெயரே "செப்டம்பர் 19" என்று வைத்தார்கள். முதல் பொதுச் செயலாளர் எவாஞ்செலினா கொரோனா என்ற தையல் தொழிலாளி. பிற்பாடு அந்த அம்மாள் பார்லிமெண்ட் அங்கத்தினராகவும் ஆனார்.

இது வேலை ஸ்தலத்துப் போராட்டம். வீட்டுப் போராட்டம் பக்கத்துப் பேட்டைகளில் நடந்தது.

மெக்ஸிகோ நகரின் நடுவில் பழைய மாளிகைகளை அறை அறையாகத் தடுத்து வாடகைக்கு விட்டிருந்தார்கள். நடுவில் முற்றம், சுற்றி அறைகள், எல்லோருக்கும் ஒரே குழாய், ஒரே கக்கூஸ் வரிசை. நம் ஒண்டுக்குடித்தனம், லைன் வீடு தெரிந்தவர்களுக்கு விளக்கவேண்டாம். பெயர் மாத்திரம் வேறு, அங்கே வெசிந்தாத் என்பார்கள். 1940-களில் போட்ட சட்டப்படி பல இடங்களில் வாடகையை உயர்த்த முடியாது. ஆகவே வீட்டுக்காரர்கள் நாற்பது வருஷமாக ஒரு கரண்டி சிமெண்ட் பூசவில்லை. தானே இடியட்டும், மனையை விற்றுவிடலாம் என்று காத்திருந்தார்கள். பூகம்பம் வந்தது. காலி செய்யுங்கள் என்றார்கள். சர்க்காரில் சிலரும், நகரத்துக்கு வெளியே இடம் தருகிறோம், போய்விடுங்கள் என்றார்கள்.

ஜனங்கள் போகவில்லை. தெபித்தோ, குவெரேரோ, மொரேலோஸ் என்ற அந்தப் பேட்டைகளில் இடிந்த வாசலுக்கு எதிரிலேயே தெருவில் தகரமும் பிளாஸ்டிக்கும் கட்டிக் குடியிருந்தார்கள். ஏன் அவ்வளவு பிடிவாதம்? அவர்கள் தொழில் அங்கே இருந்தது. செருப்புத் தைப்பவன், தள்ளுவண்டிக்காரன், மார்க்கெட்டில் மூட்டை தூக்குபவன் இருபது மைல் வெளியே போனால் சாப்பாடு எங்கிருந்து வரும்? கடனுக்கு அரிசி கொடுக்கும் கடைக்காரன், குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் அடுத்த அறைக் கிழவி, இவர்களையெல்லாம் லாரியில் ஏற்றிக்கொண்டு போகமுடியுமா?

ஊர்வலத்தின்மேல் ஊர்வலம். 1985 அக்டோபர் 11-ம் தேதி, பூகம்பம் நடந்து மூன்று வாரத்தில், சர்க்கார் ஓர் உத்தரவு போட்டது. நகரின் நடுவில் ஐயாயிரத்துக்கும் அதிகமான மனைகளை வீட்டுக்காரர்களிடமிருந்து எடுத்துக்கொள்வதாக உத்தரவு! பட்டியலில் பிழைகள் இருந்ததால் பிறகு சுமார் 4,300 ஆகக் குறைத்தார்கள். பாதிக்கப்பட்ட ஜனங்கள் பேட்டை பேட்டையாகச் சேர்ந்து ஒரே கூட்டு ஸ்தாபனம் அமைத்தார்கள். மறுவருஷம் மே மாதம் சர்க்காரோடு உட்கார்ந்து ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்கினார்கள். எந்த இடத்தில் கட்டுவது, என்ன அமைப்பு, மாதத் தவணை எவ்வளவு என்று எல்லாம் பேசினார்கள். இரண்டு வருஷத்துக்குள் ஏறக்குறைய 48,000 குடும்பங்களுக்கு வீடு புதிதாகக் கட்டியோ, பழுது பார்த்தோ கொடுக்கப்பட்டது. அதே பேட்டையில், அதே முற்றத்தைச் சுற்றி. புது வீடு 40 சதுர மீட்டர், நம் கணக்கில் 430 சதுர அடி. இரண்டு படுக்கையறை, தனிச் சமையலறை, தனிக் கக்கூஸ். தவணையைக் குறைந்தபட்சக் கூலியோடு சேர்த்துக் கணக்கிட்டார்கள். வாடகைக்கு இருந்தவன் சொந்தக்காரன் ஆனான்.

இதற்கும் உலக வங்கிதான் கடன் கொடுத்தது. லாத்தூருக்குக் கொடுத்த அதே வங்கி. லாத்தூர்க் கூலிக்காரனுக்கு 250, மெக்ஸிகோ செருப்புத் தொழிலாளிக்கு 430. எதை வைத்து இந்த வித்தியாசம் வந்தது என்று வீட்டுக்குப் போகும் வழியில் பேசிக்கொண்டு போங்கள். பட்டணத்துக்கும் கிராமத்துக்கும் உள்ள வித்தியாசம் கொஞ்சம் இருக்கலாம், தேசத்துக்குத் தேசம் செல்வத்தில் உள்ள வித்தியாசம் கொஞ்சம் இருக்கலாம். ஆனால் மெக்ஸிகோவில் யாரும் வந்து, உனக்கு எத்தனை ஹெக்டேர் என்று கேட்கவில்லை. கேட்க முடியாதபடி தெருவை மறித்து உட்கார்ந்திருந்தார்கள்.

எல்லாம் சுபமாக முடிந்தது என்று சொல்ல எனக்கும் ஆசைதான். 2017-ம் ஆண்டு, அதே செப்டம்பர் 19-ம் தேதி, மறுபடியும் பூகம்பம். அன்று காலைதான் பழைய பூகம்ப நினைவாக நகரம் முழுவதும் ஒத்திகை நடத்தியிருந்தார்கள். மத்தியானம் ஒரு மணிக்குச் சற்று மேல் நிஜமாகவே குலுங்கியது. 1985-ல் பெண்கள் கூடாரம் போட்ட சாலைக்குப் பக்கத்தில் ஒரு பேட்டை உண்டு. அதன் பெயர் ஒப்ரேரா. நம் பாஷையில் "தொழிலாளர் பேட்டை". அங்கே சிமல்போபோக்கா தெருமுனையில் சிறு கம்பெனிகள் இருந்த ஒரு மாடிக் கட்டிடம் விழுந்தது. அதிலும் துணி தைக்கும் பட்டறை இருந்தது. அதிலும் பெண்கள் செத்தார்கள். முப்பத்திரண்டு வருஷம் கழித்து! வீட்டில் ஜெயித்தார்கள், பட்டறையில் அந்த ஜெயிப்பு முழுதாகப் போய்ச் சேரவில்லை. உள்ளே எத்தனை பேர், அவர்கள் பெயர் என்ன என்பதற்கு அன்றைக்கும் வெளியே நின்றவர்களிடம் ஒழுங்கான பட்டியல் இல்லை. உதவிக்கு ஓடிவந்த பெண்கள் அதைத்தான் திரும்பத் திரும்பக் கேட்டார்கள்.

பெரியவருக்குப் பதில் சொல்லிவிட்டேன் என்று நினைக்கிறேன். இனி நம் வேலை. மேடைக்குப் பக்கத்தில் ஒரு தோழர் இரண்டு நோட்டுப் புத்தகங்களோடு உட்கார்ந்திருக்கிறார். குடியிருக்கும் மனைக்குப் பட்டா இல்லாதவர்கள், புறம்போக்கிலும் பண்ணையார் மனையிலும் இருப்பவர்கள், முதல் நோட்டில் பெயரும் எத்தனை வருஷமாக இருக்கிறோம் என்பதும் சொல்லிவிட்டுப் போங்கள். ரேஷன் கார்டு, கரண்ட் பில், ஏதாவது காகிதம் இருந்தால் நாளை கொண்டுவாருங்கள். மில், பனியன் கம்பெனி, பவர்லூம் கொட்டகையில் வேலை செய்பவர்கள் இரண்டாம் நோட்டுக்கு வாருங்கள். கேள்வி மூன்றுதான். உங்கள் மாடியில் மிஷினும் சரக்கும் எவ்வளவு ஏற்றியிருக்கிறார்கள்? ராத்திரி ஷிப்டில் வாசல் கதவைப் பூட்டுகிறார்களா, பூட்டினால் சாவி யாரிடம்? மஸ்டர் ரோலில் உங்கள் பெயர் இருக்கிறதா?